பதினோரு நிமிடமும் நிறைவறிவு ஆணையமும்

நிறைவறிவு ஆணையத்தின் ஸ்ரீரங்கம் கிளை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்துவந்தது. அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும் என்று ஆரம்பித்த ஆணையம் அது. சொந்தக் கட்டடத்துக்கு நிலம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கே ஒதுக்கினார்கள் என்பதுதான் ஆணையத்துக்குத் தெரியவில்லை. அதனால் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மணமகள் அறையில் மிஷினையும் மணமகன் அறையில் விசாரணையையும் வைத்துக்கொண்டார்கள். கதவுகளுக்கு மேலே இருந்த பித்தளை எழுத்துகளைக் கழற்ற ஒப்பந்தத்தில் இடமில்லை. ‘மணமகன் அறைக்குக் கூட்டிட்டுப் போ’ என்றால் அந்த வட்டாரத்தில் எப்பேர்ப்பட்ட ஆளும் வாசலைப் பார்த்து ஓடப் பார்ப்பான்.

இருசம்மாள் வாசலுக்கு வந்தபோது காலை ஒன்பதரை. கையில் சாம்பார் சாதம் போட்ட தூக்குவாளி. அக்குளில் துவைத்த சட்டை ஒன்று. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காஜா மைதீன் எழுந்திருக்காமலே கேட்டார்.

“யாரைப் பாக்கணும்?”

“எங்க வீட்டுக்காரரைங்க. செல்லக்கண்ணு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழ வண்டி போட்ருக்காரு. காலையில ஏழு மணிக்கு நீங்கதான வேன்ல ஏத்துனீங்க.”

“ஆமா, ஏத்துனேன்.”

“அப்ப உள்ள விடுங்க.”

“உள்ள அப்படி யாரும் இல்லம்மா.”

“இப்பதான ஏத்துனேன்னீங்க?”

“ஏத்துனது எனக்குத் தெரியும். மிஷினுக்குத் தெரியாது. மிஷினுக்குத் தெரியாதது எதுவும் இங்க இல்ல. நான் கான்ட்ராக்ட் ஆளு. எனக்குத் தெரியறதை யாரும் சேத்துக்க மாட்டாங்க.” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மனு குடுக்க வந்தேன்னு சொல்லுங்க, விடறேன்.”

“மனு குடுக்க வந்தேங்க.”

“போங்க.”

கூடத்தில் நாற்பது பேர் போல பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எதையோ தெரிந்திருக்க வேண்டியவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மணமகள் அறை வாசலில் மேசை போட்டு ஜாஸ்லின் உட்கார்ந்திருந்தாள். கே.கே. நகரிலிருந்து வருகிற பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி வந்தவள்.

“செல்லக்கண்ணுன்னு யாரும் இல்லக்கா,” என்றாள் திரையைப் பார்த்து. “இருந்தா மிஷினுக்குத் தெரியும். தெரியலை. அதனால இல்ல.”

அப்போது கூடத்தின் நான்கு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் கரகரத்தன. மிஷின் கேட்டுக்கொள்வதற்காக மணமகன் அறையில் மைக் வைத்திருந்தார்கள். அந்த வயரை எலக்ட்ரீஷியன் மண்டபத்தின் பழைய ஒலிபெருக்கி வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டுப் போயிருந்தார். பிரித்துத் தரச் சொல்லி எட்டு மாதமாகக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. நாதஸ்வரத்துக்கென்று வாங்கின பெட்டிகள். சின்ன முனகல்கூடச் சிந்தாமல் கேட்கும்.

“பேரு?”

“செல்லக்கண்ணுங்க.”

இருசம்மாள் ஜாஸ்லினைப் பார்த்தாள். “அது எங்க வீட்டுக்காரரு குரலு.”

“குரல் கேக்குதுக்கா. கேக்குறது வெறும் தகவல். யாரோடதுங்கறதுதான் அறிவு. அது மிஷின்ல ஏறணும்.”

“ஏத்த வேண்டியதுதானம்மா?”

“விசாரணை முடிஞ்சாத்தான் ஏத்துவோம். நடுவுல ஆளுக்கு ஏதாவது ஆயிடலாம் பாருங்க. ஏத்தாத ஆளுக்கு ஒண்ணுமே ஆக முடியாது. பாதுகாப்புக்காகத்தான்.”

ஒலிபெருக்கி தொடர்ந்தது. கேட்டவர் அலுவலர் அருள்ராஜ். கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல நிதானமான குரல்.

“நேத்து மத்தியானம் மூணு பத்துக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டு கம்பத்துக் காமிரா நின்னுபோச்சு. வயரை யாரோ அறுத்திருக்காங்க. மூணு இருபத்தொண்ணுக்குத்தான் திரும்ப ஓடுச்சு. நடுவுல பதினோரு நிமிஷம் அரசாங்கத்துக்குத் தெரியலை. உன் வண்டி கம்பத்துக்குக் கீழ. என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலைங்க.”

“ஒண்ணும் நடக்கலைன்னு உனக்குத் தெரியுமா? இல்ல, நடந்தது உனக்குத் தெரியலையா?”

“ரெண்டும் ஒண்ணுதானேங்க.”

அடி விழுந்தது. ரப்பர் குழாய் ஈரத் துணியில் விழுகிற மாதிரிச் சத்தம். கூடத்தில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

“ரெண்டும் ஒண்ணு இல்ல. வீட்டுக்குள்ள பாம்பு இல்லைன்னு தெரியறது வேற, பாம்பு இருக்கான்னு தெரியாம இருக்கறது வேற. முதல் ஆளு நிம்மதியாப் படுப்பான். ரெண்டாவது ஆளு படுக்க மாட்டான். நீ எந்த ஆளு?”

“அது வந்துங்க… நான் அந்த நேரத்துல…”

இருசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மூடியிருந்த கதவைப் பார்த்துக் கத்தினாள். “என்னங்க, நான் வந்துட்டேங்க. வெளியதான் நிக்கிறேன். பயப்படாம உள்ளதைச் சொல்லுங்க.”

ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் செல்லக்கண்ணு, “முழிச்சுக்கிட்டுத்தாங்க இருந்தேன். ஒண்ணும் நடக்கலை,” என்றார்.

“முழிச்சிருந்தியா? அப்பப் பாத்திருக்கே. பாத்தது தெரிஞ்சிருக்கும். ஒண்ணு தெரிஞ்சா அதுலேர்ந்து வர்ற அத்தனையும் தெரிஞ்சிருக்கும். விதி நாலு. ஒரு கிலோவுக்கு எத்தனை பழம் நிக்கும்?”

“ஆறு, ஏழு நிக்குங்க.”

“எண்ணத் தெரியுது. எண்ணத் தெரிஞ்சவனுக்குக் கூட்டத் தெரியும். கூட்டத் தெரிஞ்சவனுக்குக் கணக்கு முழுக்கத் தெரியும். கணக்கு முழுக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு பதினோரு நிமிஷம் தெரியாதா?”

இந்தத் தடவை குழாய் இல்லை, கட்டை. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம் நான்கு மூலையிலிருந்தும் வந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இருசம்மாள் தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு ஜாஸ்லினைக் கும்பிட்டாள். “அம்மா, கொன்னுருவாங்கம்மா. மகமாயி, ஒரு வார்த்தை சொல்லும்மா நீ.”

“பத்து மணிக்கு டைரக்டர் உரை இருக்குக்கா. கேள்வி நேரம் உண்டு. அப்பக் கேளுங்க.”

டைரக்டர் முனைவர் ரெத்தினவேலு சரியாகப் பத்து மணிக்கு மேடை ஏறி, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் மாப்பிள்ளையுடையதில் உட்கார்ந்தார். உரை தினமும் உண்டு. கேட்பதற்கு வேறு யாரும் வராததால் காத்திருப்பவர்களுக்கே நிகழ்த்துவார். அவர் பேசும்போது மணமகன் அறை மைக்கைச் சின்னதாக்கி வைப்பார்கள். அணைக்க வழி இல்லை.

“அன்பர்களே, பழைய அரசாங்கங்கள் தெரிந்ததை வைத்து ஆண்டன. நாம் தெரியாததை வைத்து ஆள்கிறோம். தெரிந்தது கொஞ்சம்தான். தெரியாதது ஏராளம். அப்படியானால் எந்த அரசாங்கம் பெரியது?”

பின்னால் மெல்லிசாக ஒரு அலறல் கேட்டது. அவர் கைதட்டலுக்கு நிறுத்துவது போல நிறுத்தி, அது அடங்கியதும் தொடர்ந்தார்.

“எங்கள் மிஷினுக்கு மனிதனைப் போல ஐயம் கிடையாது. ஒரு விஷயம் உண்மையாக இருந்தால் அதற்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் அது இல்லை. இந்த மண்டபத்தில் எட்டு மாதத்தில் ஒருவர் மேல்கூட ஒரு கை படவில்லை. எப்படிச் சொல்கிறேன்? பட்டிருந்தால் மிஷினுக்குத் தெரிந்திருக்கும். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.”

யாரும் கேட்கவில்லை. இருசம்மாள் எழுந்து நின்றாள்.

“ஐயா, உங்களுக்குத் தெரியாதது இல்லைன்னா, அந்தப் பதினோரு நிமிஷமும் உங்களுக்குத் தெரியலை. அப்ப ஒண்ணும் நடக்கலைன்னுதானங்க ஆகுது? எங்க வீட்டுக்காரரை விட்ருங்க.”

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. டைரக்டர் முகம் மலர்ந்தது. எட்டு மாதத்தில் முதல் கேள்வி.

“அருமையான கேள்வி. ஆனால் அம்மா, அந்த விதி நாங்கள் செய்கிற காரியங்களுக்கு. நாங்கள் செய்தது எங்களுக்குத் தெரியவில்லை என்றால், அது நடக்கவில்லை. நீங்கள் செய்தது எங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் மறைக்கிறீர்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?”

“பொண்டாட்டிங்க.”

“மனைவியா?” அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “கணவனுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று மனைவிக்குத் தெரியாமல் இருக்காது. விதி ஏழு. முதல் தரச் சாட்சி. மனைவி சொன்னால் மறுபரிசீலனை இல்லாமல் நேராக மிஷினில் ஏறும். உள்ளே கூட்டிப் போங்கள்.”

மணமகன் அறையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. மாப்பிள்ளை தலைப்பாகையைச் சரிபார்ப்பதற்கு வைத்தது. அதன் கீழே செல்லக்கண்ணு சுருண்டு கிடந்தார். வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு கண் மூடிவிட்டது. வாயிலிருந்து ரத்தம் கோழையோடு கலந்து தரையில் கோடு போட்டிருந்தது. கால் விரல்களில் நகங்களை எண்ண ஆரம்பித்த இருசம்மாள் ஐந்துக்கு மேல் எண்ணவில்லை.

“நீ ஏன் புள்ள வந்தே,” என்றார் அவர்.

அறையில் அருள்ராஜோடு செங்குட்டுவன் என்ற இன்னொரு அலுவலரும் இருந்தார். இருவருக்கும் ஒரே கிரேடு, ஒரே மாதிரி சட்டை. அருள்ராஜ் ‘தெரியும் பிரிவு’. யாருக்கு என்ன தெரியும் என்பதை மிஷினில் ஏற்றுகிறவர். செங்குட்டுவன் ‘தெரியாது பிரிவு’. யாருக்கு என்ன தெரியாது என்பதை ஏற்றுகிறவர். மாதத்துக்கு இருநூறு ஏற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தனித்தனி இலக்கு. ஒரு பிரிவு ஏற்றியதை இன்னொரு பிரிவு பார்க்கக் கூடாது என்பது ரகசியக் காப்பு விதி. மாதக் கடைசி நெருங்கிவிட்டதால் இரண்டு பேரும் கொஞ்சம் பதற்றமாக இருந்தார்கள்.

“ஜாஸ்லின், இங்க வாம்மா,” என்று கூப்பிட்டார் அருள்ராஜ். “பெண் சாட்சி.”

ஜாஸ்லின் துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொண்டு வந்தாள். “அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பெண்களை ஆண்கள் அடிக்கக் கூடாதுன்னு விதி. எனக்கு அடிஷனல் சார்ஜ் குடுத்திருக்காங்க.”

“நீயாம்மா?”

“ஆமாக்கா,” என்று சொல்லிவிட்டு இருசம்மாளின் வலது கன்னத்தில் அறைந்தாள். சின்னக் கை, ஆனால் எட்டு மாதப் பழக்கம். காதுத் தோடு தெறித்துக் கண்ணாடியில் பட்டது.

“உன் வீட்டுக்காரனுக்கு அந்தப் பதினோரு நிமிஷம் தெரியுமா?” அருள்ராஜ் மைக்கை நீட்டினார்.

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

மறுபடி அறை. மூன்றாவது அறைக்குக் கடைவாயில் உப்புக் கரித்தது. அருள்ராஜ் கட்டையை எடுத்துக்கொண்டு செல்லக்கண்ணுவின் பக்கம் நகர்ந்து, அவருடைய இடது முழங்காலின் மேல் அதை மெதுவாக வைத்து அளவு பார்த்தார்.

“தெரியும்ங்க,” என்றாள் இருசம்மாள். “தெரியும். அவருக்கு எல்லாம் தெரியும்.”

“நன்றி.” அருள்ராஜ் பொத்தானை அழுத்தினார். இலக்கில் ஒன்று குறைந்தது.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விலகியதும் செங்குட்டுவன் வந்து அதே இடத்தில் நின்றார். “அடுத்தது எங்க பிரிவும்மா. ஜாஸ்லின், இந்தக் கன்னம் போதும், வீங்கிடுச்சு. இடது பக்கம் ஆரம்பி.”

“நான்தான் சொல்லிட்டேனேங்க.”

“அது அவர்கிட்ட. எனக்கு அவர் பிரிவுல என்ன ஏறுச்சுன்னு தெரியக் கூடாது. நான் காதைப் பொத்திக்கிட்டிருந்தேன். சொல்லு, உன் வீட்டுக்காரனுக்கு அந்தப் பதினோரு நிமிஷம் தெரியாதுல்ல?”

இடது கன்னத்தில் இரண்டு அறை. கட்டை இப்போது செங்குட்டுவன் கையில் இருந்தது. அவர் அளவெல்லாம் பார்க்கவில்லை, ஓங்கியே விட்டார். செல்லக்கண்ணு கத்தவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. முழங்கால் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

“தெரியாதுங்க. ஒண்ணும் தெரியாதுங்க அவருக்கு. சாமி, தெரியாது, தெரியாது.”

“ஒரு தடவை சொன்னாப் போதும்மா.” பொத்தான் அழுந்தியது.

ஜாஸ்லின்தான் முதலில் வெளிறினாள். “சார், ரெண்டும் ஏறிடுச்சு.”

“ஏறணும்னுதானே ஏத்துறோம்?” என்றார்கள் இருவரும்.

“ஒரே ஆளுக்கு ஒரே விஷயம் தெரியும்னும் ஏறிருக்கு, தெரியாதுன்னும் ஏறிருக்கு. ரெண்டுமே முதல் தரம். மிஷின் ரெண்டையும் நம்பிடும் சார். இந்தக் கதவு திறந்தும் இருக்கு, மூடியும் இருக்குன்னு ஒருத்தன் நம்பிட்டான்னா, அப்புறம் அவன்கிட்ட வேற எதைச் சொன்னாத்தான் நம்ப மாட்டான்? டிரெயினிங்ல இதை மட்டும் பண்ணவே கூடாதுன்னு சொன்னாங்க. எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்ல ஆரம்பிச்சிடும்.”

மணமகள் அறையில் மிஷினின் மின்விசிறிகள் விமானம் கிளம்புவது போல உறுமின. ஒலிபெருக்கியில் மிஷின் பஸ் ஸ்டாண்டு அறிவிப்புப் பெண்ணின் குரலில் பேசியது.

“வணக்கம். இனி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.”

டைரக்டர் மேடையிலிருந்து ஓடி வந்தார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. “நிறைவறிவு. நம் கிளையில். மற்ற மாவட்டங்கள் இன்னும் பாதியில் நிற்கின்றன. இதைச் செய்தது யார்?”

இருவரும் தாங்கள்தான் என்று கை தூக்கினார்கள். ஜாஸ்லின் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார். “குறை சொல்லாதே பெண்ணே. இனி மிஷின் சொல்வதே முடிவு. பத்து நிமிடத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், மேல்முறையீடு இல்லை. எழுது, கையெழுத்துப் போடுகிறேன்.” அவள் எழுதினாள். அவர் போட்டார். பிறகு மைக்கைக் கையில் எடுத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“சத்திரம் பஸ் ஸ்டாண்டு காமிராவை அறுத்தது யார்?”

“முனைவர் ரெத்தினவேலு,” என்றது மிஷின்.

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

“வேறு யார்?”

“மற்ற அனைவரும்.”

“அது அந்த ரெத்தினவேலுவுக்குத் தெரியுமா?” என்றார் டைரக்டர், வேறு யாரையோ பற்றிக் கேட்பது போல.

“தெரியும். தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரியும் என்பது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரியும் என்பது…”

ஜாஸ்லின் சத்தத்தைக் குறைத்தாள்.

டைரக்டர் சுற்றிப் பார்த்தார். கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. “எனக்குத் தெரியாது,” என்றார்.

வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காஜா மைதீன் பணிவாகச் சொன்னார்: “எல்லாரும் அப்படித்தாங்க ஐயா சொல்றாங்க.”

அடுத்து நடந்ததெல்லாம் விதிப்படியே நடந்தது. தெரிந்தவர்களை விசாரிக்க வேண்டும். கீழ்நிலையில் இருப்பவர் மேல்நிலையில் இருப்பவரை அடிக்கக் கூடாது. ஒரே கிரேடு என்பதால் அருள்ராஜும் செங்குட்டுவனும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். கட்டை ஒன்று, குழாய் ஒன்று. முதல் ஐந்து நிமிடம் மரியாதையாகத்தான் அடித்துக்கொண்டார்கள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. உனக்கு?”

“தெரியாது. தெரியாதுன்னு தெரியுமா உனக்கு?”

“போன மாசம் என் எண்ணிக்கையில இருபதை உன் எண்ணிக்கையில போட்டுக்கிட்டியே, அது தெரியும்டா எனக்கு.”

அதற்குப் பிறகு மரியாதை இல்லை. அருள்ராஜின் முன்பற்கள் இரண்டு மைக்கின் மேல் பட்டுத் தெறித்தன. ஒலிபெருக்கியில் அது கொட்டு மேளத்தின் முதல் தட்டு மாதிரிக் கேட்டது. செங்குட்டுவனின் காது பாதி கிழிந்து கழுத்தில் தொங்கியது. அப்படியும் அவர் கட்டையை விடவில்லை. கண்ணாடி உடைந்தது. உடைந்த துண்டு ஒன்றை எடுத்தவர் யார் என்று பிற்பாடு இரண்டு பிரிவும் இரண்டு விதமாகப் பதிவு செய்தன. கூடத்தில் இருந்தவர்களில் சிலர், இவ்வளவு நாள் உட்கார்ந்த நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். ‘மற்ற அனைவரும்’ என்று மிஷின் சொன்னதால் தங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர்கள் வாதம்.

டைரக்டர் மூலையில் நின்று சென்னைக்குப் பேச முயன்றார். “என்னை அடிக்கிற தகுதி உள்ளவர் இந்த மாவட்டத்திலேயே இல்லை. சென்னையிலிருந்துதான் வர வேண்டும். அதுவரை என்னை யாரும் தொடக் கூடாது.”

“ஐயா,” என்றார் காஜா மைதீன். “எனக்குக் கிரேடே இல்லீங்க. கான்ட்ராக்ட்டு. கிரேடு இருந்தாத்தான கீழ, மேலன்னு வரும்?”

டைரக்டர் யோசித்தார். அவர் எழுதிய விதிதான். ஓட்டை இல்லை.

“மூக்குக் கண்ணாடியக் கழட்டிக் குடுங்க ஐயா. உடைஞ்சா கண்ணுல குத்திரும்.”

கழற்றிக் கொடுத்தார். காஜா மைதீன் அதைத் துடைத்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியுமாங்க ஐயா?”

“தெரியாதுய்யா.”

அடி.

“தெரியாதுங்கறதாவது தெரியுமாங்க?”

“அது தெரியும்.”

“அப்ப ஏதோ ஒண்ணு தெரியுதுங்களே.”

அடி. விலா எலும்பு முறிகிற சத்தத்தை எட்டு மாதமாகக் கேட்டுப் பழகியவர்கள் கூடத்தில் இருந்தார்கள். இரண்டாவது எலும்பு என்று ஒருவர் விரல் காட்டினார்.

இருசம்மாளை யாரும் கவனிக்கவில்லை. அவள் புருஷனின் நல்ல தோளுக்கு அடியில் கை கொடுத்து, தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். கதவருகே ஒருவர் நாற்காலியோடு அவசரமாக, “சீக்கிரம் எடும்மா, ரூம் வேணும்,” என்றார். அப்படித்தான் செல்லக்கண்ணுவுக்கு விடுதலை கிடைத்தது.

மேசை வரைக்கும் வந்ததும் ஜாஸ்லின் குறுக்கே நின்றாள். அவள் கை இன்னும் சிவந்திருந்தது. “அக்கா, வெளிய போற சீட்டு இல்லாமப் போகாதீங்க. அப்புறம் தப்பிச்சு ஓடிட்டார்னு திரும்ப வருவாங்க.”

“உள்ள வரவே இல்லைன்னியே. வெளிய போக எப்படிச் சீட்டு தருவே?”

“இப்பக் கேட்டா எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லும், இருங்க.” அவள் திரைப் பக்கம் குனிந்து மிஷினைக் கேட்டாள். “செல்லக்கண்ணு உள்ள வந்தாரா?”

“வந்தார்.”

“வெளிய போயிட்டாரா?”

“போய்விட்டார்.”

“உயிரோட போனாரா?”

“உயிரோடு போனார். இறந்தும் போனார். இரண்டுக்கும் சான்றிதழ் தயாராக உள்ளது.”

பிரிண்டர் இரண்டு தாள்களைத் துப்பியது. இரண்டிலும் முத்திரை, இரண்டிலும் அதே தேதி, அதே நேரம். ஜாஸ்லின் இரண்டையும் மடித்து இருசம்மாளின் இடுப்பில் செருகினாள்.

“ரெண்டையும் வச்சுக்கங்கக்கா. எது தேவைப்படுதோ அதைக் காட்டுங்க.”

“நல்லா இரும்மா,” என்றாள் இருசம்மாள். வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுத்தான் சொன்னாள்.

வாசலில் சீட்டைப் பார்க்க ஆள் இல்லை. மூக்கன் என்கிற ஆட்டோக்காரர் அங்கே நின்றிருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர், முகம் தெரிந்தவர். செல்லக்கண்ணுவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இறங்கிக் காலைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். திரும்பிக்கொண்ட முழங்கால் உள்ளே அடங்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“பெரியாஸ்பத்திரிக்குப் போங்கண்ணே.”

“போயிடலாம். கெட்டியாப் புடிச்சுக்கங்க.”

பாலத்தில் ஏறியபோது எதிரே மூன்று பஸ். கீழே காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இருசம்மாளின் மடியில் கிடந்த தலை அசையவில்லை. மூக்கன் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணன் உசிரோட இருக்காரா?”

அவள் புருஷன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். வண்டி ஆடிய ஆட்டத்தில் மூச்சு தெரியவில்லை. அன்றைக்கு இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. “எஞ்சினை நிறுத்துங்கண்ணே,” என்றாள்.

“பாலத்து மேலயா? பின்னாடி பஸ்ஸு நிக்குதும்மா.”

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். பின்னால் ஹாரன்கள் கிழித்தன. யாரோ மூக்கனின் தாயைத் திட்டினார்கள். இருசம்மாள் குனிந்து வீங்கிய கன்னத்தோடு காதைப் புருஷன் நெஞ்சின் மேல் வைத்தாள். ரத்தத்தில் நனைந்த சட்டை கன்னத்தில் ஒட்டியது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

“இருக்கு,” என்றாள். “ஓட்டுங்க.”

வண்டி நகர்ந்த குலுக்கலில் செல்லக்கண்ணு ஒரு கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. அவள் காதைக் கொடுத்தாள்.

“புள்ள, திட்டாத.”

“எதுக்குத் திட்டப் போறேன்? பேசாதீங்க நீங்க.”

“நேத்து அந்த நேரத்துல நான் தூங்கிட்டேன்.”

“என்னது?”

“வெயிலு. வண்டிக்கு அடியில நிழலா இருந்துச்சு. சாக்கை விரிச்சுப் படுத்துட்டேன். என்ன நடந்துச்சுன்னு நெசமாவே எனக்குத் தெரியாது.”

“அதைச் சொல்ல வேண்டியதுதான அவனுங்ககிட்ட? முதக் கேள்விக்கே சொல்லிருந்தா விட்ருப்பானுங்களே?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ வெளிய நிக்கிறேன்னு சத்தம் குடுத்தே. வியாபார நேரத்துல தூங்குறியான்னு எல்லாருக்கும் முன்னாடி கத்துவே.”

இருசம்மாள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒடிந்த தோளுக்கும் திரும்பிய முழங்காலுக்கும் காரணம் இதுவா. அவளுக்கு வந்த கோபத்தில் காவிரிப் பாலமே நடுங்கியிருக்கும். கையை ஓங்கினாள். ஓங்கிய கை எங்கே இறங்குவது என்று தெரியாமல் மேலேயே நின்றது. அடிப்பதற்கு அவர் உடம்பில் ஓர் இடத்தையும் அவர்கள் மிச்சம் வைத்திருக்கவில்லை.